மருந்தடித்த கைகளை நாம் எழுதவில்லை

2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் பாராகுவாட் களைக்கொல்லிக்குத் தடை. 2002லேயே அதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது. 2006இல் அந்த முடிவு தளர்ந்தது. அதன் பிறகு இன்னும் பல ஆண்டுகள் தோட்டங்களில் அந்த மருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை முதுகில் சுமந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கிள்ளான், காப்பார், பந்திங், ரவாங் வட்டாரத் தோட்டங்களில் அவர்கள் நம் பாட்டிகளாகவும் அத்தைகளாகவும் சின்னம்மாக்களாகவும் இருந்தார்கள். தடை வந்தபோது, அவர்களில் ஒருத்தியை நடுவில் நிறுத்திய நாவல் இது என்று எடுத்துக்காட்ட நம் கையில் ஒன்றும் இல்லை. இந்த நாட்டில் தமிழில் எழுதுகிறவர்கள், அச்சிடுகிறவர்கள், பரிசு கொடுக்கிறவர்கள், படிக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து விட்ட குறை இது. யாரோ ஒருவர் தலையில் சுமத்திவிட்டு நகர முடியாது.

நம்மிடம் தோட்டக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. 1950இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்திய காலம் முதல் இன்றுவரை தோட்டத்தை எழுதிக்கொண்டே இருக்கிறோம். பெரட்டுக் களம், கங்காணி, கள்ளுக்கடை, லயத்து வீடு, கூரை ஒழுகும் தமிழ்ப்பள்ளி எல்லாம் வந்துவிட்டன. பெண்ணும் வந்தாள். குடிகாரக் கணவனிடம் அடிபடுகிறவளாக, கிராணியின் கண்ணுக்குத் தப்புகிறவளாக, பிள்ளையைப் படிக்கவைக்க நகையை அடகு வைக்கிறவளாக வந்தாள். மரமும் வந்தது, விடியற்காலைப் பனியில் நனைந்த பின்னணியாக. பல கதைகளில் மரம் தாயானது. சீவச் சீவப் பால் தருகிற தாய். பெண்ணையும் மரத்தையும் பக்கத்தில் நிறுத்தி, இரண்டும் ஒன்று, இரண்டும் தியாகம் என்று எழுதிவிட்டால் நமக்கு மனம் நிறைந்தது. அந்த உவமையில் அழகு உண்டு. ஆனால் அந்தப் பெண்ணின் தோலுக்குள்ளும் அந்த மண்ணுக்குள்ளும் இறங்கிய நஞ்சு ஒன்றுதான் என்பதைப் பார்க்கவிடாமல் நம்மை மறைத்ததும் அதே உவமைதான்.

மருந்தடிக்கும் வேலையைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். மருந்தைத் தண்ணீரில் கலக்க வேண்டும். பல இடங்களில் கையுறை இல்லை. கொடுத்த கையுறையும் கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். பதினைந்து, பதினாறு லிட்டர் பிடிக்கும் பம்பைத் தோளில் மாட்டி, நிரை நிரையாக மரத்தடிக் களைமேல் அடித்துக்கொண்டு போக வேண்டும். மூக்கைச் சுற்றி ஒரு பழந்துணி. வெயிலில் முகமூடி போட்டால் மூச்சு முட்டும். காற்று திசை மாறினால் மருந்து முகத்தில் அடிக்கும். பம்பு ஒழுகினால் முதுகுச் சட்டை நனைந்து, நனைந்த இடம் புண்ணாகும். நகம் கறுத்து உதிரும், மூக்கில் இரத்தம் வரும், கண் எரியும். தோட்ட ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரிடம் போனால் காய்ச்சல் மாத்திரையோடு அனுப்பிவிடுவார். மருந்துத் தோம்பின்மேல் எழுதியிருந்த எச்சரிக்கையைப் பலரால் படிக்க முடியவில்லை. பாராகுவாட் விழுங்கப்பட்டால் அதற்கு முறிமருந்தே கிடையாது. இத்தனையையும் ‘லேசான வேலை’ என்ற கணக்கில் சேர்த்துத்தான் பெண்களிடம் கொடுத்தார்கள்.

இதில் நம்மை மிகவும் குத்த வேண்டிய விஷயம் இன்னொன்று. மருந்தடித்தவள்தான் அந்தக் காட்டின் செடிகொடிகளை நன்கு அறிந்தவள். நிரைகளுக்கு நடுவே வல்லாரை எங்கே படரும், மழைக்குப் பின் எந்த மக்கிய கட்டையில் காளான் முளைக்கும், அதில் எது தின்னக்கூடியது, பிள்ளைக்குச் சளி பிடித்தால் எந்தத் தழையைக் கசக்கிக் கொடுக்கலாம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். மாமியாரிடம் கற்றதையும் பக்கத்து லயத்து மலையாளத்துக்காரியிடம் கேட்டதையும் சேர்த்துவைத்திருந்தாள். சுண்டைக்காய்ச் செடியைக் கொல்லக் கூலி வாங்கிய கை, சாயங்காலம் அதே காட்டோரத்தில் சுண்டைக்காய் பறித்தது. உயிர் தழைக்கும் வழி தெரிந்த ஒருத்தியை, நாள்கூலிக்காக அதே உயிரைக் கருக்கச் சொன்னார்கள். ஒரு நாவலுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இதைத் தாண்டிப் போய்க் கங்காணியின் கெட்ட பார்வையை நூறாவது முறையாக எழுதினோம்.

தெரியாமல் போயிற்று என்றும் சொல்ல முடியாது. ஐரின் பெர்னாண்டஸ் 1991இல் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பு, பினாங்கில் இயங்கும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்போடு சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களை ஆய்வு செய்து 2002இல் அறிக்கை வெளியிட்டது. நாட்டில் சுமார் 30,000 பெண்கள் இந்த வேலையில் இருப்பதாக அந்தக் காலத்தில் இத்தகைய அமைப்புகள் மதிப்பிட்டன. பெண்கள் தங்கள் உடம்பில் பட்டதைத் தாங்களே சொன்ன வாக்குமூலங்கள் அவர்களிடம் இருந்தன. ஒரு கதாசிரியனுக்கு அதைவிடப் பெரிய புதையல் வேறில்லை. நாம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அது தொழிற்சங்க விவகாரம், அரசு சாரா அமைப்புகளின் வேலை, இலக்கியம் வேறு என்று இருந்துவிட்டோம். ஐரின் 2014 மார்ச்சில் மறைந்தார். குடியேறிய தொழிலாளர்களின் தடுப்பு முகாம்கள் பற்றி அவர் எழுதியதற்காகப் பல ஆண்டுகள் நீதிமன்றம் ஏறியதை நாளிதழ்கள் எழுதின. அவர் நம் பெண்களின் உதிர்ந்த நகங்களைப் பற்றியும் பேசினார் என்பது நம் இலக்கியக் கூட்டங்களில் ஒரு தலைப்பாகக்கூட எழவில்லை.

அதே வேளையில் இயற்கையைப் பற்றி நாம் பேசாமலும் இல்லை. தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்தவர்; பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை பற்றி உலகம் அறிய எழுதியவர். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது கோலாலம்பூரில்தான். அந்தத் துறை இருப்பதும் இதே நகரத்தின் லெம்பா பந்தாயில். ஐந்திணை பற்றிச் சொல்லிக்கொடுக்க இந்த நகரத்தைப்போல வாய்ப்பான இடம் வேறெங்கும் நமக்கு அமைந்ததில்லை. நற்றிணையின் 172ஆம் பாட்டில், தாய் தங்கையென்று காட்டிய புன்னை மரத்தின் கீழ்க் காதலனோடு பேச நாணுகிற தலைவியைப் பற்றி எத்தனை கருத்தரங்குகளில் கட்டுரை படித்திருப்போம்! அந்தப் பாட்டின்மேல் குறையில்லை. ஆனால் பால்மரக் காடு எந்தத் திணை, அதன் முதற்பொருள் என்ன, கருப்பொருள் என்ன, செம்பனைக்கு உரிப்பொருள் எது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. நெய்தல் நிலத்துப் பெண்ணுக்குப் புன்னை தங்கை. தோட்டத்துப் பெண்ணுக்கு ரப்பர் மரம் என்ன உறவு? 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட விதையிலிருந்து வந்த மரம் அது. நம்மைப்போலவே கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தப்பட்ட மரம். அதோடு அவளுக்கு இருந்தது கூலியின் வழியே வந்த பிணைப்பு. அதற்குள் வெறுப்பும் இருந்திருக்கும், பாசமும் இருந்திருக்கும், அந்த மரத்தை வெட்டிச் சாய்த்த நாளில் அழுகையும் இருந்திருக்கும். அந்தக் கலவையை எழுதுவதற்குச் சங்கப் பாட்டு மட்டும் போதாது.

பிறகு கோட்பாடு வந்தது. 1974இல் பிரான்சுவாஸ் தோபோன் சூழல் பெண்ணியம் என்று பெயர் வைத்தார். 1988இல் அதே பார்வையில் வந்தனா சிவாவின் நூல் வந்தது. அதை நாம் ஆர்வமாக எடுத்துக்கொண்டோம். பெண் என்றால் இயற்கை, இயற்கை என்றால் பெண் என்ற நம் பழைய உவமைக்கு அது ஒரு பட்டம் கொடுத்தது போலிருந்தது. 1992இல் பீனா அகர்வால் அதை மறுத்து எழுதியதை நாம் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. பெண்ணுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவு பிறவியிலேயே வந்த மாயம் இல்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறது, வேலையை யார் செய்கிறார்கள், வர்க்கம் என்ன, சாதி என்ன என்பதைப் பொறுத்தது என்பது அவர் வாதம். சொந்தமாக ஓர் அடி நிலம் இல்லாமல் மூன்று தலைமுறை காட்டில் உழைத்த நம் பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான பேச்சு இல்லை. நம் ஆய்வேடுகளில் அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டு எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணனோ கோட்பாடு எதையும் சொல்லிக்கொண்டு கிளம்பவில்லை. தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரே போய், உப்பில் வெந்த பெண்களோடு பேசி, 1979இல் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். அந்த நாவலை நாம் பாராட்டினோம். காப்பார் செம்பனைத் தோட்டத்துக்கு அப்படிப் போனவர் நம்மில் யார்?

இன்னொரு குறையைச் சொல்ல வாய் கூசுகிறது. சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த நாட்டின்மேல் நமக்குள்ள உரிமையை நாம் காடழித்த கதையின்மேல் கட்டியிருக்கிறோம். புலியும் மலேரியாவும் இருந்த காட்டை வெட்டித் திருத்தி, ரப்பர் நட்டு, ரயில் பாதை போட்டு இந்த நாட்டை ஆக்கியவர்கள் நாங்கள் என்று மேடைதோறும் சொல்கிறோம். அது உண்மை. நம்மை வந்தேறி என்று ஏளனம் செய்கிறவர்களுக்கு அதுவே பதில். ஆனால் அந்தப் பெருமை நம் பேனாவைக் கட்டிப்போட்டது. அழிந்த காட்டுக்காக ஒரு வார்த்தை வருந்தினால் நம் தாத்தாவின் உழைப்பையே குறைசொன்னதாக ஆகிவிடுமோ என்று பயந்தோம். அந்தக் காட்டில் நமக்கு முன்பே பூர்வகுடிகளான தெமுவான்களும் மா மெரிகளும் வாழ்ந்தார்கள் என்பதை எழுதவே இல்லை. கிள்ளானுக்குத் தெற்கே கேரித் தீவில் மா மெரிப் பெண்கள் இன்றும் மெங்குவாங் ஓலை முடைகிறார்கள். முன்னோர் விழாவுக்கு நீப்பா ஓலையில் பூவும் பறவையும் மடிக்கிறார்கள். அவர்களைச் சுற்றிச் செம்பனை. அந்தச் செம்பனையிலும் அதற்கு முன்னிருந்த தோட்டங்களிலும் வேலை செய்தவர்கள் நம் பெண்கள். ஒரே தீவில், ஒரே கடல்காற்றில், காட்டை இழந்த பெண்ணும் காட்டை வெட்டக் கொண்டுவரப்பட்ட பெண்ணும் தலைமுறை தலைமுறையாக எதிரெதிரே இருந்திருக்கிறார்கள். இருவரும் சந்திக்கும் ஒரு நல்ல கதை நம்மிடம் இல்லை. நம் கதைகளில் பூர்வகுடிகள் வருவதே அபூர்வம். வந்தாலும் மந்திரமும் மூலிகையும் தெரிந்தவர்களாக வந்து போய்விடுவார்கள். 2021இல் கோல லங்காட் வடக்கு வனக்காப்பகத்தில் 536 ஹெக்டருக்கும் மேற்பட்ட சதுப்புக்காடு காப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது வெளியே தெரிந்து, எதிர்ப்புக் கிளம்பி, செப்டம்பரில் மாநில அரசு பின்வாங்கியது. தெமுவான் மக்கள் அந்தக் காட்டுக்காகப் பேசினார்கள். லங்காட் ஆற்றைத் தலைப்பிலேயே வைத்து அ. ரெங்கசாமி நாவல் எழுதிய மொழி இது. அந்த ஆற்றங்கரைக் காட்டுக்காகத் தமிழ் எழுத்தாளர்கள் கூட்டாக என்ன சொன்னோம்?

புக்கிட் கியாராவையும் பார்க்க வேண்டும். கோலாலம்பூரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டிய அந்தக் குன்று ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். 1980களின் தொடக்கத்தில் தோட்டம் போனது; வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் நிரந்தர வீடு கிடைக்கும் என்று நம்பி வரிசை வீடுகளில் காத்திருந்தன, பல பத்தாண்டுகளாக. பிறகு ரிம்பா கியாரா பூங்காவின் ஒரு பகுதியில் அடுக்குமாடிகள் எழுப்பும் திட்டம் வந்தது. அதற்குள்தான் இந்தக் குடும்பங்களுக்கான வீடுகளும் அடக்கம். குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் திட்ட அனுமதி செல்லாது என்று உறுதி செய்தது. பூங்காவைக் காத்தவர்களைக் குறைசொல்ல முடியாது. நகரத்துக்கு அந்தப் பச்சை வேண்டும். ஆனால் இன்று பச்சை என்று நாம் கொண்டாடுவதன் ஓரமாக, அந்த மண்ணில் மரம் சீவிய பெண் முதுமை வரை வீட்டுக்காகக் காத்திருந்தாள். சூழலைக் காப்பதும் ஏழைப் பெண்ணின் வீடும் எதிரெதிராக நிற்கவைக்கப்பட்ட இந்தச் சிக்கலை நீதிமன்றத்தில் வாதாட முடியும், ஆனால் முழுதாகச் சொல்ல ஒரு கதையால்தான் முடியும். அதை எழுதாமல் விட்டோம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, தாமான்களாகவும் கோல்ப் திடல்களாகவும் ஆனபோது நாம் எழுதியது பள்ளியையும் கோயிலையும் இழந்த கதை. அது ஆண்கள் கூடிப் பேசும் இழப்பு. லயத்துக்குப் பின்னால் இருந்த முருங்கையும் பசலைக்கொடியும், இரண்டு பசுமாடும், விறகும், பிரசவத்துக்குத் துணை வரும் கிழவியும் போனது பெண்களின் இழப்பு. மலிவுவிலை அடுக்குமாடியின் பத்தாவது மாடிக்கு வந்தவள், கீரைக்கும் பாலுக்கும் முதல்முறையாகக் கடையில் காசு கொடுத்தாள். இதைக் கணக்கில் எடுத்த கதைகள் சொற்பம்.

நகரத்துக்கு வந்த பிறகும் நிலம் அவளை விடவில்லை. 2020 செப்டம்பர் 3ஆம் நாள் சிலாங்கூர் ஆற்றில் மாசு கலந்து சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லை. தண்ணீர் லாரிக்கு முன் வாளியோடு வரிசையில் நின்றவர்களையும், லிப்ட் வேலை செய்யாத மாடிகளில் வாளியை ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கியவர்களையும் நினைத்துப் பாருங்கள். மரத்தடியிலிருந்து பால் வாளி சுமந்த அதே தோள்கள். 2018இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பைக்குக் கதவடைத்த பின் அந்தக் குப்பை கோல லங்காட்டின் ஜெஞ்சாரோமில் வந்து குவிந்து இரவில் எரிந்தது. அதை எதிர்த்து முன்னின்றவர்களில் புவா லே பெங் என்ற பெண் ஒருவர். பக்கத்துப் பந்திங்கில் இருக்கும் நமக்கு அந்தப் புகை மூக்கில் ஏறியது, எழுத்தில் ஏறவில்லை. 2021 டிசம்பர் 18ஆம் நாள் பெய்த மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. வடிந்த பின் சேறு அள்ளிய பெண்களின் படங்களைக் கைப்பேசியில் பகிர்ந்தோம். ஆறு ஏன் வீட்டுக்குள் வந்தது, மேட்டில் என்ன வெட்டப்பட்டது என்று பின்னோக்கிப் போகும் புனைவு நம்மிடமிருந்து வர வேண்டியிருந்தது.

எழுத யாரும் இல்லை என்பதும் சரியான சாக்கு இல்லை. பாவை, க. பாக்கியம், நிர்மலா ராகவன் போன்ற பெண்கள் பல பத்தாண்டுகளாக எழுதிவந்திருக்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்டு வாங்கியது குடும்பக் கதை; வைத்த இடம் மகளிர் பக்கம். மாமியார், மருமகள், விவாகரத்து என்று எழுதினால் அச்சேறும். மண்ணையும் மருந்தையும் எழுதச் சொல்லி எந்த ஆசிரியரும் அவர்களை அனுப்பவில்லை. ஆண்களிலும் சீ. முத்துசாமி ‘மண்புழுக்கள்’ நாவலில் தோட்டத்தின் அடிமண்ணைத் தொட்டார். ம. நவீன் ‘பேய்ச்சி’யில் ஓலம்மாவை எழுதினார், கெடாத் தோட்டத்துப் பெண்ணின் சீற்றமும் அருளும் ஒரு நாட்டார் தெய்வத்தின் உருவில் அங்கே திரண்டு வந்தன. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அந்த நாவலைத் தடை செய்தது. நமக்குள் நடந்த பேச்சோ பெரும்பாலும் அதிலுள்ள சொற்கள் தகுமா தகாதா என்பதிலேயே முடிந்துபோனது. ஓலம்மாவைப் பற்றி நிதானமாகப் பேச நமக்கு மனம் வரவில்லை.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இதழாசிரியர்கள் அடுத்த சிறுகதைப் போட்டியில் ஒரு பரிசையாவது தோட்டத்து மண்ணையும் ஆற்றையும் பெண்ணுழைப்பையும் எழுதும் கதைக்கென ஒதுக்க வேண்டும். லெம்பா பந்தாயில் ஆய்வு செய்கிற மாணவர்கள் புன்னையோடு பால்மரத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கிள்ளானிலோ காப்பாரிலோ ஏதாவது ஓர் அடுக்குமாடிக்குப் போங்கள். மருந்தடித்த பாட்டி ஒருவர் அங்கே நிச்சயம் இருப்பார். எந்தத் தோட்டம், எத்தனை வயதில் பம்பு தூக்கினார், எந்தக் கீரை எங்கே பறித்தார், எப்போது நகம் விழுந்தது, டிரெஸ்ஸர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் செடிப் பெயர்களை அவர் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். அவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இந்த ஆண்டே போங்கள்.